எடை மெஷினில் 27, ஜிம்மில் 29, காலிபரில் 21: உடல் கொழுப்பில் எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: வைகைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் நாற்காலிதான், உடற்பயிற்சி என்று இதுவரை எதுவும் செய்ததில்லை. உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீட்டெண்) 23.4 வருகிறது. சென்ற மாதம் அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில், 25-க்குக் கீழே இருப்பதால் உடல் பருமன் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் கை, கால்கள் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்தள்ளியும் இருப்பது எனக்கே தெரிகிறது. என் தந்தைக்கு ஐம்பது வயதுக்குள்ளேயே சர்க்கரை நோய் வந்து, பிறகு இதயத்தில் ஸ்டென்ட் வைக்க நேர்ந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை. அதனால் உடலில் உண்மையில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என நினைத்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. வீட்டில் வாங்கிய, வெறுங்காலுடன் ஏறி நிற்கும் டிஜிட்டல் எடை மெஷின் காலையில் 27 சதவீதம் என்கிறது. மாலையில் அதே மெஷின் 24 என்கிறது. சேரலாம் என்று விசாரிக்கப் போன ஜிம்மில், கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரிய கருவி 29 என்று அச்சிட்டுக் கொடுத்தது. அங்கிருந்த பயிற்சியாளர் காலிபரால் தோலைக் கிள்ளி அளந்து 21 என்றார். நகரில் ஒரு ஸ்கேன் மையத்தில் டெக்ஸா என்னும் எக்ஸ் கதிர் ஸ்கேன் எடுத்தால் துல்லியமாகத் தெரிந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

என் மனைவிக்கு வயது 40, உயரம் 154 செ.மீ., எடை 62 கிலோ. அவருக்கு பி.எம்.ஐ. 26.1 என்பதால் அதே முகாமில் "உடல் பருமன்" என்று எழுதி, உடனே எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு வயிறு அதிகம் இல்லை. தொடை, பிட்டப் பகுதிகள்தான் பெருத்திருக்கின்றன. இந்த எண்களில் எதை நம்புவது, டெக்ஸாவுக்குச் செலவு செய்வது தேவைதானா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். என் பேன்ட் அளவு 34 என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: தஞ்சை பொதுநல மருத்துவர்

ஐயா, வணக்கம். உங்கள் தந்தையின் நோய் வரலாற்றை வைத்துப் பார்க்கும்போது, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். எனினும், மொத்த உடலில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தக் கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். உங்களுக்குச் சர்க்கரை நோயும் மாரடைப்பும் வருவதற்கான வாய்ப்பு இரண்டாவது கேள்வியோடுதான் நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது.

25-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று முகாமில் சொன்னது நம்மவர்களுக்குப் பொருந்தாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பி.எம்.ஐ. முறை, 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற புள்ளியியலாளர் மக்கள்தொகையின் சராசரி உடலமைப்பை ஆராய்வதற்காக உருவாக்கியது. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். தனியொரு மனிதரின் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆசியர்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே ஆபத்து தொடங்குவதால், 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாக 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு குறிப்பிட்டது. 2009-இல் வெளியான இந்திய வல்லுநர்களின் ஒருமித்த கருத்து இன்னும் கண்டிப்பானது: அதன்படி 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன். ஆகவே உங்கள் 23.4 இந்தியக் கணக்கில் "இயல்பு" ஆகாது.

இதை விளக்க நான் மாணவர்களுக்குத் தவறாமல் காட்டும் ஒரு படம் உண்டு. புனேயின் மருத்துவர் யாக்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் அந்தப் படம் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3 என்று ஒரே எண். டெக்ஸாவில் பார்த்தபோது யுட்கினின் உடலில் 9.1 சதவீதமும் யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதமும் கொழுப்பு இருந்தது. இந்தியர்கள் பிறக்கும்போதே இப்படித்தான் இருக்கிறார்கள் என்பதையும் யாக்னிக்கின் குழுவே புனேயின் கிராமங்களில் காட்டியது: அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ, ஆனால் எடையில் இவ்வளவு பின்தங்கிய நம் குழந்தைகள், தோள்பட்டைக்குக் கீழுள்ள தோல் மடிப்பின் தடிப்பில் மட்டும் அந்த அளவுக்குப் பின்தங்கவில்லை. தசை குறைந்து கொழுப்பு காக்கப்பட்ட உடல் அது. ஒல்லியான கை கால்களும் முன்தள்ளிய வயிறும் என்று நீங்கள் எழுதியிருப்பது அதே உடலமைப்பின் நடுவயதுத் தோற்றம்.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட, குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேரும் கொழுப்பே பெரும் தீங்கு செய்கிறது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் போர்ட்டல் நாளம் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு ஏறியதும் இன்சுலினுக்கு அது சரியாகக் கட்டுப்படுவதில்லை. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஏறி, நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்குகிறது. இதைக் கண்டறிய வீட்டிலேயே உள்ள சிறந்த கருவி தையல் டேப்தான். 52 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரை ஆராய்ந்து 2005-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்போடு பி.எம்.ஐ.யைவிட வயிறு–பிட்டச் சுற்றளவு விகிதமே வலுவான தொடர்புடையது என்று காட்டியது. 2025 ஜனவரியில் லான்செட் ஆணையத்தைச் சேர்ந்த வல்லுநர்களும், பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது, வயிற்றுச் சுற்றளவு போன்ற இன்னொரு அளவையாவது சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள்.

பேன்ட் அளவை வயிற்றுச் சுற்றளவாகக் கொள்ள வேண்டாம். தொப்பை உள்ள ஆண்கள் பலர் பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கித்தான் கட்டுகிறார்கள்; வயிறு எவ்வளவு பெருத்தாலும் பல ஆண்டுகளாக 34 என்ற எண் மாறாமலே இருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு, கால்களைச் சற்று அகற்றி நேராக நில்லுங்கள். விலாவின் பக்கவாட்டில் கடைசி எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். அதற்கு நேர் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, டேப்பை அந்த மட்டத்தில் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் சரிந்துவிடும் என்பதால் கண்ணாடியில் பார்ப்பது அல்லது இன்னொருவரை அளக்கச் சொல்வது நல்லது. வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல் படிந்திருக்கும்போது எண்ணைப் படியுங்கள். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ.யும் பெண்களில் 80 செ.மீ.யும் எல்லை. இருவரும் அளந்து இங்கே எழுதுங்கள். மனைவிக்குப் பிட்டத்தின் மிக அகலமான இடத்திலும் அளந்துகொள்ளுங்கள்.

பதில் 2: கோவை ரேடியோகிராபர்

டாக்டர் ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் மூன்று கருவிகள் ஏன் நான்கு எண்களைக் காட்டின என்ற கேள்விக்குப் பதில் வராவிட்டால் கேட்டவருக்கு மனம் அமைதியடையாது என்பதால், கருவிகளோடு பழகுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உயிருள்ள மனிதரின் கொழுப்பை நேரடியாக எடை போட்டுப் பார்க்கும் வழி எதுவும் இல்லை. எல்லாக் கருவிகளும் வேறு எதையோ அளந்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கின்றன. வீட்டு மெஷின் அளப்பது எடையையும் மின் தடையையும் மட்டுமே. ஒரு பாதத்திலிருந்து உணர முடியாத அளவு மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அடுத்த பாதத்தில் வாங்கிக்கொள்கிறது. தசையில் நீர் அதிகம் என்பதால் மின்சாரம் எளிதில் பாய்கிறது. கொழுப்பில் நீர் மிகக் குறைவு என்பதால் தடைப்படுகிறது. தடையிலிருந்து உடலின் நீரை ஊகித்து, கொழுப்பில்லாத உடலில் ஏறத்தாழ 73 சதவீதம் நீர் என்ற அனுமானத்தைக் கொண்டு தசை முதலியவற்றைக் கணித்து, மொத்த எடையிலிருந்து அதைக் கழித்து மீதியைக் கொழுப்பு என்று காட்டுகிறது. இதற்குள் நீங்கள் பதிந்த வயது, உயரம், பாலினம் ஆகியவையும் சூத்திரத்தில் கலந்திருக்கின்றன. மெஷினின் செயலியில் உங்கள் வயதை 43-க்குப் பதில் 23 என்று மாற்றிவிட்டு மீண்டும் ஏறிப் பாருங்கள். உடலில் எதுவும் மாறாமலே சதவீதம் மாறும்.

காலை 27, மாலை 24 என்பதற்கும் காரணம் நீர்தான். பகல் முழுவதும் உட்கார்ந்தும் நின்றும் இருப்பதால் மாலையில் கால்களில் நீர் இறங்கியிருக்கும், தடை குறையும், கொழுப்பு குறைந்ததாக மெஷின் எடுத்துக்கொள்ளும். பாதம் காய்ந்து பித்தவெடிப்போடு இருந்தாலும் அளவு பிறழும். இவற்றையெல்லாம்விட முக்கியமான குறை ஒன்று உண்டு. அந்த மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கிவிடுவதால், நீங்கள் அஞ்சுகிற வயிற்றுப் பகுதியை அது பெரும்பாலும் தொடுவதே இல்லை. "உள்ளுறுப்புக் கொழுப்பு நிலை 9" என்பது போல அது காட்டும் எண், அளந்து சொல்வதன்று, கணித்துச் சொல்வது. ஜிம்மில் உள்ள கருவி கைகள் வழியாகவும் மின்சாரம் செலுத்துவதால் உடலின் நடுப்பகுதியும் கணக்கில் வருகிறது. ஒப்பீட்டளவில் அது மேலானது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இவ்வகைக் கருவிகள் எதிலும் ஏறக்கூடாது என்பதை இங்கே படிக்கும் மற்றவர்களும் நினைவில் கொள்ள வேண்டும்.

காலிபரில் 21 வந்ததில் வியப்பில்லை. அது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பை மட்டுமே கிள்ளி அளக்கிறது. கை கால் ஒல்லியாக இருப்பவருக்குக் குறைவாகத்தான் காட்டும். மேலும், மடிப்பின் தடிப்பைச் சதவீதமாக மாற்றும் சூத்திரங்களில் பரவலாகப் புழங்கும் ஒன்று, 1974-இல் கிளாஸ்கோவில் 481 பேரை அளந்து வகுக்கப்பட்டது. வயிற்றுக்குள் கொழுப்பைச் சேமிக்கும் நம் உடல்களுக்கு அது அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

டெக்ஸா இவற்றில் மிகத் துல்லியமானது என்பது உண்மைதான். இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, எலும்பு, கொழுப்பு, மற்ற திசுக்கள் மூன்றையும் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுகிறது. கதிர்வீச்சு ஒரு மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. ஆனால் நம் ஊர்களில் டெக்ஸா பெரும்பாலும் எலும்பு அடர்த்திக்காகவே பயன்படுகிறது. முதுகெலும்பையும் இடுப்பையும் மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். முழு உடல் கொழுப்புப் பகுப்பாய்வுக்குத் தனி மென்பொருள் வேண்டும். எனவே பணம் கட்டுவதற்கு முன் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உள்ளுறுப்புக் கொழுப்பை உள்ளபடி காட்டுபவை சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும்தான். ஜப்பானில் தொப்புள் மட்டத்தில் எடுத்த சி.டி. படத்தில் 100 சதுர செ.மீ. உள்ளுறுப்புக் கொழுப்பை எல்லையாக வகுத்திருக்கிறார்கள். எனினும், இதற்காக மட்டும் ஒருவரைச் சி.டி.யின் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

வைகைக்கரையான்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே விலாவையும் இடுப்பெலும்பையும் தொட்டுப் புள்ளி வைத்து, என் மனைவி அளந்தார். எனக்கு 94 செ.மீ. வருகிறது; பேன்ட்டின் 34 அங்குலம் என்பது 86 செ.மீ. என்பதால் இருமுறை அளந்து உறுதிசெய்துகொண்டோம். மனைவிக்கு வயிறு 78, பிட்டம் 102. வயதை மாற்றிப் பார்த்தபோது மெஷினின் எண் மாறியதையும் கண்டோம். இனி நான் என்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்? டெக்ஸா எடுக்கத்தான் வேண்டுமா?

பதில் 3: தஞ்சை பொதுநல மருத்துவர்

ஐயா, டெக்ஸாவுக்கான பணத்தை ரத்தப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள்.

உங்கள் வயிற்றுச் சுற்றளவு எல்லையைத் தாண்டியிருக்கிறது. அதை உயரத்தால் வகுத்தால் 0.56, இது 0.5-க்குள் இருக்க வேண்டும், அதாவது வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சதவீதம் தெரிந்தே ஆக வேண்டும் என்று நினைத்தால், 2018-இல் வெளியான ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. உயரத்தை வயிற்றுச் சுற்றளவால் வகுத்து, 20-ஆல் பெருக்கி, ஆண்களானால் 64-இலிருந்தும் பெண்களானால் 76-இலிருந்தும் கழிக்க வேண்டும். உங்களுக்கு 28 சதவீதம் வருகிறது. ஜிம் கருவி காட்டியதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண். ரத்தம் எடுக்காமலே நான்கு விவரங்களைக் கொண்டு போடப்படும் கணக்கு அது. 35 முதல் 49 வயதுக்கு 20. ஆண்களில் 90 முதல் 99 செ.மீ. வரையான வயிற்றுக்கு 10. உட்கார்ந்த வேலையோடு உடற்பயிற்சியும் இல்லாமைக்கு 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதற்கு 10. ஆக உங்களுக்கு 70. அந்த அளவுகோலில் 60-உம் அதற்கு மேலும் அதிக ஆபத்து. இதில் வயதும் தந்தையின் நோயும் உங்கள் கையில் இல்லை. தவறாத உடற்பயிற்சி இருந்தால் 30 என்பது 20 ஆகும். வயிறு 90-க்குக் கீழே இறங்கினால் அதற்கான 10-உம் நீங்கும். மொத்தம் 50-க்கு வந்துவிடுவீர்கள். ஐந்து செ.மீ. வயிறும் தினசரி நடையும் உங்களுக்கு எவ்வளவு பெறுமானம் உடையவை என்பதை இந்தக் கணக்கு எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது பாருங்கள்.

இந்த வாரமே வெறும் வயிற்றில் சர்க்கரை, ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, டிரைகிளிசரைடும் எச்.டி.எல்.லும் அடங்கிய லிப்பிட் பரிசோதனை, கல்லீரல் நொதிகள் ஆகியவற்றைச் செய்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை வந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. டிரைகிளிசரைடு 150-ஐத் தொட்டு, எச்.டி.எல். 40-க்குக் கீழே இருந்தால், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். கல்லீரல் நொதிகள் கூடியிருந்தால் மட்டுமல்ல, இயல்பாக இருந்தாலும்கூட உங்கள் உடலமைப்புக்கு ஒரு வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பது தகும். கொழுப்பு படிந்த கல்லீரல் நொதிகளில் தெரியாமலே இருப்பதுண்டு.

பதில் 4: நெல்லை உணவியலாளர்

வணக்கம் அண்ணா. அண்ணியைப் பற்றி யாரும் விரிவாக எழுதாததால் எழுதுகிறேன். பெண்களை எடையைக் கொண்டு மட்டும் அச்சுறுத்தி அனுப்பும் முகாம்கள் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன. அப்படி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த நாளே இரவு உணவை நிறுத்திவிடுகிறார்கள், கொழுப்போடு தசையும் குறைந்துவிடுகிறது.

அண்ணியின் வயிறு 78, பிட்டம் 102, விகிதம் 0.76. வயிற்றில் சேரும் கொழுப்பும் தொடை, பிட்டப் பகுதிகளில் சேரும் கொழுப்பும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதை மார்செய் நகரின் மருத்துவர் ஜான் வாக் 1947-லேயே எழுதியிருக்கிறார். தொடையின் கொழுப்பு, கொழுப்பு அமிலங்களை எளிதில் ரத்தத்தில் விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரே வயிற்றுச் சுற்றளவு உடையவர்களில் பிட்டச் சுற்றளவு கூடுதலாக உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவாகவே காணப்படுகிறது. ஆகவே எடை மெஷினின் கண்ணுக்கு அண்ணி பருமனானவராகவும் நீங்கள் இயல்பானவராகவும் தெரிந்தாலும், சர்க்கரை நோயைப் பொறுத்தவரை முதலில் கவனிக்கப்பட வேண்டியவர் நீங்கள்தான். பெண்களுக்கு இயல்பாகவே ஆண்களைவிடக் கொழுப்புச் சதவீதம் கூடுதல் என்பதால், வீட்டு மெஷின் அவருக்கு 35-க்கு மேல் காட்டினாலும் உங்கள் 27-உடன் அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

அதற்காக அவர் கவனமின்றி இருந்துவிடலாம் என்று சொல்லவில்லை. 78 என்பது எல்லைக்கு இரண்டு செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது, உயரத்தில் பாதியான 77-ஐத் தாண்டியும்விட்டது. மாதவிடாய் நிற்கும் வயதில் கொழுப்பு சேரும் இடம் தொடையிலிருந்து வயிற்றுக்கு மாறத் தொடங்கும். கர்ப்ப காலத்தில் அவருக்குச் சர்க்கரை இருந்திருந்தால், சுற்றளவு எதுவாக இருந்தாலும் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முழங்கால் வலி இருந்தால் எடையைக் குறைப்பதற்கு அதுவே போதிய காரணம்.

வீட்டு மெஷினை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, தண்ணீர் குடிப்பதற்கு முன், வாரத்தில் ஒரே கிழமையில் ஏறி நின்று குறித்து வையுங்கள். ஒரு நாள் எண்ணுக்குப் பொருள் இல்லை. இரண்டு மூன்று மாதங்களில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதற்குப் பொருள் உண்டு. வயிற்றை மாதம் ஒருமுறை அளந்தால் போதும். நாள்தோறும் அளந்தால் முன்னிரவுச் சாப்பாடும் வாயுவும்தான் டேப்பில் தெரியும். எடை குறையாமல் வயிறு மட்டும் இரண்டு செ.மீ. குறைந்திருந்தால் முயற்சி வீணானதாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் ஜிம்மில் சேர்ந்து தசை கூடும்போது பெரும்பாலும் அப்படித்தான் நிகழும்.

பதில் 5: கோவை ரேடியோகிராபர்

உணவியலாளர் அம்மா எழுதியதைத் தொடர்ந்து ஒன்று மட்டும். டெக்ஸாவின் கொழுப்புப் பகுப்பாய்வு யாருக்கும் வேண்டாம் என்று இந்தத் தொடரைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுபத்தைந்து வயதைக் கடந்து எடை மளமளவென்று குறைபவர்கள், எடைக் குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்கள், இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குக் குறைந்தது கொழுப்பா தசையா என்று தெரிய வேண்டியிருக்கிறது. அதை டேப் சொல்லாது. அவர்கள் எடுக்கும்போதும், முதல் ஸ்கேனை எந்தக் கருவியில் எடுத்தார்களோ அதே கருவியில்தான் அடுத்ததையும் எடுக்க வேண்டும்; வேறு நிறுவனத்தின் கருவியில் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

வைகைக்கரையான்

பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்; மனைவியும் உடன் வருகிறார். அவருக்கு இரண்டாவது பிரசவத்தின்போது சர்க்கரை இருந்தது என்பதை உணவியலாளர் சகோதரி கேட்ட பிறகுதான் நினைவுபடுத்திக்கொண்டோம். முடிவுகள் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.